குறட்டை சட்டென்று நின்றால் கவனியுங்கள்

தூக்கக் கோளாறு என்றாலே படுத்தும் தூக்கம் வராததுதான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். என் கணவருக்குப் படுத்த உடனே தூக்கம் வந்துவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஓங்கி ஒலிக்கும் குறட்டை சட்டென்று அடங்கும். நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் மூக்கருகே கை வைத்தால் காற்றே இருக்காது. பிறகு திணறிக்கொண்டு ஒரு பெருமூச்சு, மறுபடி குறட்டை. அவருக்கோ எதுவும் நினைவிருக்காது. காலையில் தலைவலி, வறண்ட வாய்; பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகும்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கின்றன. 10 வினாடியாவது மூச்சு தடைப்பட்டால் கணக்கில் எடுப்பார்கள். இந்தத் தொல்லைகளோடு மணிக்கு 5 முறையோ அதற்கு மேலோ அப்படி நடந்தால் அது ஸ்லீப் ஆப்னியா. உடல் எடையும் மதுவும் இதைக் கூட்டும். ஒல்லியானவர்களுக்கும் வரும், உருவத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

படுத்ததும் கால் குறுகுறுத்து, ஆட்டினால்தான் நிம்மதி என்றால் அது வேறு தூக்கக் கோளாறு. அதற்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது பக்கத்தில் படுப்பவரும் கூடவே போங்கள். நான் போனில் பதிவு செய்திருந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மருத்துவர் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.