அழகருக்கு ஒரு தோப்பறைத் தண்ணீர்

சித்தப்பா வீட்டுத் திண்ணையில் முழு ஆட்டுத்தோல் ஒன்று காற்று ஊதிக் கிடந்தது. தலை இல்லை. மூன்று கால்களை இறுக்கிக் கட்டியிருந்தார். நாலாவது காலில் விரல் நீளத்துக்குப் பித்தளைக் குழாய். அக்கா மகள் பாப்பா அதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

"இதுதாந்தா தோப்பறை. அழகருக்குத் தண்ணி பீச்சுறது. தொட்டுப் பாரு, ஒண்ணும் பண்ணாது" என்றார் சித்தப்பா.

அவள் புனேயில் பிறந்து வளர்ந்தவள். ஏழு வருடமாகப் பரதம் கற்கிறாள். பங்குனி மாதமே எனக்குப் போன் செய்து, "மாமா, மதுரைப் பக்கம் நாட்டுப்புறக் கலை எல்லாம் பார்க்கணும். என்னென்ன புரோகிராம், எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஜ்னு லிஸ்ட் அனுப்புங்க" என்று கேட்டிருந்தாள். மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு வா, லிஸ்ட் எல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். திருவிழாவுக்குப் பத்திரிகை அடிக்கிறார்கள்தான். ஆனால் அதில் சாமி எந்த மண்டபத்தில் எப்போது எழுந்தருளும் என்றுதான் இருக்கும். திரி எடுத்து ஆடுகிறவர், சாட்டை அடித்து ஆடுகிறவர், துருத்தியில் நீர் தெளிக்கிறவர் பெயரெல்லாம் எந்தப் பத்திரிகையிலும் வராது.

சித்தப்பாவுக்கு ஊர் கள்ளந்திரிக்குப் பக்கம், அழகர்கோயில் சாலையில். அழகர்கோயில் மலையிலிருக்கும் கள்ளழகர் பெருமாள்தான் அழகர். சித்திரையில் அவர் மதுரைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அந்த வழியாகத்தான் போவார். அதனால் அவர்களுக்கு அழகர் எட்டத்தில் இருக்கும் சாமி இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை வாசலைத் தாண்டிப் போகிற பெரிய வீட்டு ஆள் மாதிரி. சித்தப்பா பதினைந்து நாளாக விரதம். செருப்பு கிடையாது, கவுச்சி கிடையாது, கையில் காப்பு. அவருடைய அப்பா காலத்துத் தோப்பறை கிழிந்து போய்விட்டது, இது மூன்றாவது என்றார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோல். கிட்டே போனால் மோர் புளித்த மாதிரி ஒரு வாசனை வரும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

சித்தப்பாவுக்கு வேடத்துணி வாங்கப் பாப்பாவை டவுனுக்குக் கூட்டிப் போனேன். முன்பெல்லாம் மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில், யாளிச் சிற்பங்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். நாயக்கர் சிலைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டெய்லர்கள் வெல்வெட் தைப்பார்கள். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. எனக்குத்தான் அந்தத் தூண்களைப் பார்க்கும்போது மிஷின் சத்தம் இல்லாதது என்னவோ போல் இருக்கிறது. சிவப்பு வெல்வெட்டில் ஜிகினா வைத்த சல்லடம் என்னும் அரைக்கால் உடுப்பு, கண்ணாடிச் சில்லு பதித்த குல்லாய், காலுக்குச் சலங்கை. சலங்கையை மட்டும் பாப்பா வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். "நம்ம சலங்கை மாதிரியேதான் இருக்கு" என்றாள்.

மீனாட்சி திருக்கல்யாணத்தன்று கோயில் ஆடி வீதிப் பக்கமே போக முடியவில்லை. பத்தாம் நாள் கல்யாணம். எட்டாம் நாளே மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் ஆகிவிடுகிறது. முதலில் பட்டம், மறுநாள் திக்விஜயம், அப்புறம்தான் கல்யாணம். பெண்ணுக்கு இந்த வரிசை வைத்த ஊர் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தாரை வார்த்துக் கொடுக்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். எங்கள் வீட்டில் கூட்டத்துக்குப் பயந்து டிவியில் பார்த்தோம். தாலி கட்டும் நேரத்தில் சித்தி, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். பாப்பா டிவியைப் பார்க்காமல் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தேர். சித்திரையில் ஓடும் தேர் மாசி வீதிகளில் ஏன் ஓடுகிறது என்று அவள் கேட்டது நல்ல கேள்வி. முன்பு மீனாட்சி கல்யாணம் மாசி மாதத்தில்தான் நடந்தது, அழகர் சித்திரையில் தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கினார், இரண்டையும் சேர்த்து ஒரே விழாவாக்கியவர் திருமலை நாயக்கர் என்று மதுரையில் சொல்வார்கள். 1623 முதல் 1659 வரை ஆண்டவர். கல்யாணம் சித்திரைக்கு மாறியது, வீதி மட்டும் பழைய பெயரோடு நின்றுவிட்டது. கோயில் புராணப்படி அழகர் வருவது துர்வாசர் சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்க. ஊரைக் கேட்டால், தங்கச்சி கல்யாணத்துக்குச் சீரோடு வந்த அண்ணன் ஆற்றங்கரையிலேயே கல்யாணம் முடிந்த செய்தி கேட்டுக் கோபித்துக்கொண்டு திரும்புகிறார். புராணத்தைவிட இந்தக் கதைதான் மதுரைக்காரர்களுக்குப் பிடித்தது. எந்த வீட்டுக் கல்யாணத்தில் அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை?

தேர் அன்றைக்கே எதிர்சேவை, அழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு வரவேற்பது. முந்தின நாள் சாயங்காலம் கோயில் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பனிடம் சொல்லிக்கொண்டு, கண்டாங்கிப் பட்டும் கையில் நேரிக்கம்புமாகக் கள்ளர் கோலத்தில் மலையை விட்டு இறங்கியவர், 21 கிலோமீட்டரில் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படி, அதாவது வழியிலுள்ள மண்டபங்களில் நின்று பூஜை, கண்டு வருகிறார். கூடவே தள்ளு உண்டியல்கள் வண்டி வண்டியாக வரும். மூன்றுமாவடியில் விடிகாலையில் முதல் வரவேற்பு. நாங்கள் சாயங்காலம் தல்லாகுளத்தில் நின்றோம்.

"ஸ்டேஜ் எங்க மாமா?" என்றாள் மறுபடியும்.

ரோடுதான் ஸ்டேஜ். தல்லாகுளம் அவுட்போஸ்ட் நிறுத்தத்தில் தொடங்கிக் கண்ணுக்கு எட்டிய வரை தலைகள். ஒரு பக்கம் தப்பும் உறுமியும், இன்னொரு பக்கம் கொட்டுக்காரர்கள். நடுவில் கை கனத்துக்குச் சுற்றிய துணித் திரியைக் கொளுத்தித் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெரியவர் ஆடினார். எழுபது வயதாவது இருக்கும். எண்ணெய் சொட்டித் தோளில் வழிகிறது, அவர் துடைக்கவில்லை. ஒரு காலைத் தூக்கி, அரைச் சுற்று சுற்றி, மறு காலை வைக்கும்போது சலங்கை ஒரே அடியாக விழுந்தது. பாப்பா முண்டியடித்து முன்னால் போனாள். போனை உயர்த்திப் பிடித்தாள். அதற்குள் வெடிச்சத்தம் கேட்டது. "அழகர் வந்துட்டாரு" என்று யாரோ கத்த, ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பி நின்றார்கள். எங்களுக்கு அவர்களுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. பெரியவரின் ஆட்டம் அப்போதுதான் வேகம் எடுத்தது. முகத்தை எங்களுக்குக் காட்டவே இல்லை.

அவள் போனைக் கீழே இறக்கினாள். எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து நல்ல இடம் பிடித்துக் கொடுக்கவில்லையே என்று. "பரவாயில்ல மாமா. அவர் யாரைப் பார்த்து ஆடுறாரோ அவருக்கு நல்லாத் தெரியுதுல்ல" என்றாள்.

அன்று இரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் அழகருக்குத் திருமஞ்சனம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை அங்கேதான் சாத்துவார்கள். நாங்கள் ஆற்றுப் பக்கம் நடந்தோம். நீர்மோர்ப் பந்தல், பானகப் பந்தல், பாக்குமட்டைத் தட்டில் தக்காளி சாதம். நாலு இடத்தில் டிஜே செட் வைத்துச் சினிமாப் பாட்டைக் காது கிழிய விட்டிருந்தார்கள். அதன் பக்கத்திலேயே மைக் இல்லாமல் இரண்டு பேர் அழகர் வர்ணிப்புப் பாடினார்கள். மலையிலிருந்து புறப்பட்டது முதல் ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு மண்டபமாக அழகரை நடத்திக் கூட்டிவரும் பாட்டு. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்கிறார். சுற்றிலும் மணலில் துண்டு விரித்துப் படுத்திருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு "ஆமா... ஆமா" என்றார்கள். டிஜே சத்தம் நின்ற இடைவெளியில்தான் முழு வரி காதில் விழுந்தது. விழாக் குழுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பெட்டியின் வாயை ஆற்றுப் பக்கம் திருப்பாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

விடிகாலையில் தங்கக்குதிரை. அழகருக்கு உடுத்தப் பெட்டியில் கைவிட்டு எடுக்கும் பட்டு எந்த நிறமோ அதைப் பொறுத்து அந்த வருடத்துப் பலன். பச்சை என்றால் வெள்ளாமை செழிக்கும். "பச்சை, பச்சை" என்று கூட்டத்தில் பரவியபோது சித்தப்பா தோப்பறையோடு கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு ஒன்றரை ஏக்கர் நெல். வைகை அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஆழ்வார்புரம் பக்கம் முழங்காலுக்கு ஓடியது. அழகர் ஆற்றில் இறங்கினார். வெள்ளிக்குதிரையில் வீரராகவப் பெருமாள் எதிர்கொண்டு நின்றார். சுற்றிலும் பெண்கள் செம்பு நிறைய நாட்டுச்சர்க்கரை வைத்து, மேலே சூடம் கொளுத்திக் காட்டினார்கள். ஆற்றுக்குள் எத்தனை ஆயிரம் சுடர் என்று எண்ண முடியாது. சித்தி பாப்பாவின் கையிலும் ஒரு செம்பைக் கொடுத்தாள். சூடம் எரிந்து முடிந்ததும் அந்தச் சர்க்கரையைப் பக்கத்தில் நிற்கிற யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பாப்பாவுக்கு முன்பின் தெரியாத ஐந்தாறு பேர் கை நீட்டினார்கள். கொடுத்துவிட்டு அவளும் இரண்டு பேரிடம் வாங்கித் தின்றாள்.

அதற்குப் பிறகு மதிச்சியம் ராமராயர் மண்டபத்தில்தான் தண்ணீர் பீய்ச்சுவது. சித்திரை வெயிலில் நடந்து வந்தவருக்குக் குளிர்ச்சி. கோபத்தில் வந்தவருக்கும் குளிர்ச்சி என்பார் சித்தப்பா. பன்னீர், பச்சைக் கற்பூரம், ஏலம் கலந்த தண்ணீரைத் தோப்பறையில் நிரப்பி, கக்கத்தில் இடுக்கி அமுக்கினால் பித்தளைக் குழாய் வழியாக நூல் மாதிரி ஒரு பீச்சு மேலே போகும். அந்த நூல் மெலிசாக இருக்க வேண்டும், அதுதான் கைப்பழக்கம். கொஞ்ச காலம் பிரஷர் பம்பு வைத்து அடித்தார்கள். சாமி மேலும் பட்டர்கள் மேலும் வேகமாகப் பட்டு, நகை அலங்காரம் எல்லாம் பாழாகிறது என்று தடை வந்துவிட்டது. அது சரிதான். நூறு தோப்பறைகள் ஒரே நேரத்தில் பீய்ச்சியபோது மண்டபத்துக்கு மேலே வெயிலில் ஒரு வானவில் துண்டு நின்றது. நாங்கள் எல்லோரும் தொப்பல். என் செருப்பை ஆறு கொண்டுபோயிற்று. பாப்பாவின் போனும் அணைந்துவிட்டது.

அன்று இரவு அழகர் வண்டியூரில் தங்கினார். அங்கே துலுக்க நாச்சியார் கதை ஒன்று உண்டு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம். இரவு மறுபடி ராமராயர் மண்டபம், விடிய விடியத் தசாவதாரம்.

என்னைக் கேட்டால் இந்தத் திருவிழாவில் கலை என்று பார்க்க வருகிறவர்கள் தவறவிடக்கூடாதது இந்த ஓர் இரவு. திரை போடுவார்கள். உள்ளே பட்டர்கள் துணியும் பூவும் நகையும் வைத்து வேலை செய்வார்கள். திரை விலகினால் முத்தங்கி, முத்துப் பதித்த அங்கி. மறுபடி திரை. மச்சம். அப்புறம் கூர்மம், வாமனன், ராமன், கிருஷ்ணன். அசையாத ஒரே திருமேனிதான். ஒவ்வொரு தடவையும் நிற்கிற தோரணையே மாறிவிட்ட மாதிரி இருக்கிறது. வாமனன் நிஜமாகவே குள்ளமாகத் தெரிந்தான். பாப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு திரைக்கும் கையில் முத்திரை பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சத்துக்கு ஒன்று, கூர்மத்துக்கு ஒன்று. பின்னாலிருந்த பாட்டி, "நீ ஆடுற பிள்ளையாத்தா?" என்று கேட்டதற்கு வெட்கப்பட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சித்தப்பா காற்று இறக்கிய தோப்பறையைத் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்து, மண்டப ஓரமாகப் படுத்திருந்தார். அழகர் மலை ஏறும் வரை காப்பு அவிழ்க்க மாட்டார், தோலையும் கையை விட்டு இறக்க மாட்டார். ராமர் வந்தபோது எழுப்பினேன், எழவில்லை. கிருஷ்ணருக்கும் எழவில்லை. கிழக்கே வெளுக்கும் நேரத்தில் திரை விலகிக் கூட்டம் "கோவிந்தா" என்றதும் அவராகவே உட்கார்ந்தார்.

"மோகினியா?"

"ஆமா சித்தப்பா."

தலைக்கு மேலே கை கூப்பினார். பாப்பாவைப் பார்த்து, "நல்லாப் பாத்துக்கத்தா" என்றார். அப்புறம் தோலை நீவி மடித்துத் தலைக்கு வைத்து மறுபடி படுத்துக்கொண்டார்.