இடக்கை நாட்கள்

மார்ச் 4

வாயால் சொல்லச் சொல்ல போன் இதை எழுத்தாக்குகிறது. பிழைகளை இடக்கையால் திருத்துகிறேன்.

நேற்று முன்தினம் அறுவை சிகிச்சை. கழுவிக்கொண்டிருந்த கண்ணாடி டம்ளர் கைக்குள்ளேயே உடைந்து, வலக்கைச் சுண்டுவிரலின் அடியில் இறங்கிவிட்டது. வெளியே தெரிந்தது இரண்டு சென்டிமீட்டர் காயம்தான். உள்ளே, விரலை மடக்கும் தசைநாண்கள் இரண்டும் அறுந்திருந்தன, கூடவே ஒரு பக்கத்து உணர்வு நரம்பும். தோள்பக்கம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். நேற்றுக் காலை வரை அந்தக் கை என்னுடையதாகவே இல்லை. இடக்கையால் தூக்கித் தலையணை மேல் வைக்க வேண்டியிருந்தது.

ஆறு வாரம் ஸ்ப்ளின்ட், அதாவது கையின் மேல்புறத்தை மூடி விரல் அதிகம் நிமிராமல் தடுக்கும் கவசம். பன்னிரண்டு வாரம் முடியும்வரை கனமான எதையும் பிடிக்கக் கூடாது.

நான் மொழிபெயர்ப்பாளர். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. தட்டச்சு நின்றால் வருமானமும் நின்றுவிடும். கையைவிட அந்தக் கவலைதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

மார்ச் 6

கையில் இருந்த மூன்று வேலைகளுக்கும் இன்று போன் செய்தேன். ஒருவர் இரண்டு மாதம் பொறுப்பதாகச் சொன்னார். இன்னொருவர் பாதியை வேறு ஆளுக்குப் பிரித்துக்கொடுத்தார். பெரிய வேலை ஒன்று மொத்தமாகவே கைவிட்டுப் போனது. வருத்தம்தான். ஆனால் தேதி தவறிய பிறகு சொல்லியிருந்தால் அடுத்த வேலையும் வந்திருக்காது.

புதிதாக எதையும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வலி மாத்திரை மயக்கத்தில் தேதி கொடுத்துவிட்டுப் பிறகு தவிக்க எனக்குத் தைரியமில்லை.

மார்ச் 9

கட்டை மாற்றி ஸ்ப்ளின்ட் போட்டாகிவிட்டது. இன்றிலிருந்து பயிற்சி. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தரம்: இடக்கையால் விரலை மெதுவாக உள்ளங்கைக்கு மடக்கிவிட வேண்டும், பிறகு விரல் தானாகக் கொஞ்சம் மடங்க வேண்டும், பிறகு ஸ்ப்ளின்டின் கூரையைத் தொடும்வரை நிமிர வேண்டும். அதற்கு மேல் நிமிரக் கூடாது.

தைத்து ஒரு வாரம் ஆவதற்குள் ஏன் அசைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். சிகிச்சையாளர் படம் வரைந்து காட்டினார். விரலுக்குள் தசைநாண் ஒரு குறுகிய குழாயில் வழுக்கி ஓடுகிறது. அசையாமல் விட்டால் தைத்த இடம் குழாயோடு ஒட்டிக்கொள்ளும், விரல் விறைத்துவிடும். அதிகம் இழுத்தால் தையல் அறுந்துவிடும். "இரண்டுக்கும் நடுவிலே போகணும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து படித்தேன். விரலுக்குள் இந்தக் குழாய் இருக்கும் பகுதியைக் கை அறுவை மருத்துவத்தின் முன்னோடி ஸ்டெர்லிங் பன்னல் 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று அழைத்திருக்கிறார். இங்கே உடனே தைத்தால் ஒட்டிப்போகும் என்று பயந்து, காயம் ஆறிய பிறகு வேறிடத்துத் தசைநாணை எடுத்து ஒட்டுவைக்கும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. 1967-ல் ஹரோல்ட் கிளைனர்ட் உடனே தைத்து உடனே அசைத்த முடிவுகளை மருத்துவர்கள் முன் வைத்தபோது அவர்கள் எளிதில் நம்பவில்லை. அந்தப் பிடிவாதத்தின் பலனை இன்று என் சுண்டுவிரல் அனுபவிக்கிறது.

இப்போது என் நாள் ஐம்பது ஐம்பது நிமிடத் துண்டுகளாக உடைந்து கிடக்கிறது. பயிற்சிதான் முதல் வேலை. காசு வரும் வேலை அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும்.

மார்ச் 13

குரல் தட்டச்சோடு நான்கு நாள் மல்லுக்கட்டு. கூகுளின் குரல் தட்டச்சுக்குத் தமிழ் வந்தது 2017-ல். இத்தனை ஆண்டும் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

வேகம் ஆச்சரியப்படுத்துகிறது. சோர்வு திருத்தத்தில்தான். 'வலி' என்றால் சில சமயம் 'வழி' வருகிறது. ஒற்று மிகும் இடங்களில் பாதி விடுபடுகிறது. முதலில் ஒவ்வொரு வரியாகச் சொல்லி, திருத்தி, சொல்லி, திருத்திப் பைத்தியம் பிடித்தது. இப்போது ஒரு பத்தி முழுவதையும் மனதுக்குள் மொழிபெயர்த்து, நிறுத்தாமல் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே மூச்சில் திருத்துகிறேன். அப்படிச் சொன்ன வாக்கியங்கள் நான் தட்டச்சு செய்பவற்றைவிட நன்றாக இருக்கின்றன. வாய்க்கு வராத வாக்கியத்தை வாய் சொல்ல மறுக்கிறது.

தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்வரிசையில் பெரும்பாலானவை வலப்பக்கம். இத்தனை ஆண்டும் இரு கையும் மாறிமாறி ஓடியதன் சுகம் இப்போதுதான் புரிகிறது. ஒரு 'ச'வுக்காக இடக்கை அவ்வளவு தூரம் தாண்ட வேண்டியிருக்கிறது. ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும். அதன் பிறகு ஷிஃப்ட், கன்ட்ரோல் எதையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும். மவுஸை இடப்பக்கம் வைத்து, பட்டன்களையும் மாற்றிவிட்டேன்.

மார்ச் 16

தையல் பிரித்தார்கள். சின்ன வடு. சுண்டுவிரலின் ஒரு பக்கம் இன்னும் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளருமாம். வடுவிலிருந்து நுனி நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நரம்பு வந்து சேர்ந்த இடத்தில் சுரீரென்று கூசும் என்றார் மருத்துவர். இப்போதைக்கு வடுவிலேயே கூசுகிறது. அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

மார்ச் 19

குரலில் செய்யும் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. தொண்டை தாங்கவில்லை, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான். வேறு வேலை தேடினேன்.

முதலில் கண்ணில் பட்டவை எல்லாம் படிவம் நிரப்பு, விளம்பரம் பார் வகை. இரண்டு இடத்தில் பதிவுக்கட்டணம் கேட்டார்கள். வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். உடம்பு முடியாமல், பணக்கவலையோடு இருப்பவர்களைக் குறிவைத்துத்தான் இவர்கள் காத்திருக்கிறார்கள். அதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையை நண்பர்கள் இருவர் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அது முழுக்க முழுக்கத் தட்டச்சு.

அப்புறம் பழைய சக ஊழியர் ஒருவர் வழியாக, ஒலிப்புத்தகத்தைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. வாசிப்பவரின் பதிவைக் கேட்டுக்கொண்டே மூலத்தைக் கண்ணால் தொடர வேண்டும். சொல் விட்டுப்போனாலோ, உச்சரிப்பு தவறினாலோ நிறுத்தி, எந்த நிமிடம், என்ன பிழை என்று குறிக்க வேண்டும். நிறுத்த ஸ்பேஸ் பார், குறிக்கக் குரல். ஒரு மணி நேரப் பதிவுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. கூலி நேரக்கணக்கில் வருவதால் பயிற்சிக்காக எழுந்துபோவதில் பதற்றமில்லை.

மார்ச் 24

இன்று நடந்ததை எழுதும்போதே உடம்பு நடுங்குகிறது.

மேசை விளிம்பிலிருந்து போன் சரிந்தது. யோசிப்பதற்குள் வலக்கை பாய்ந்து பிடித்துவிட்டது. ஸ்ப்ளின்டுக்குள் ஏதோ இழுபட்டது. தைத்த தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து இந்த வாரங்களில்தான் அதிகம், அறுந்தால் மறுபடி அறுவைதான் என்று தெரியும். தங்கை ஓடிவந்தாள். "அக்கா, மடக்கிப் பாரு, மெதுவா" என்றாள். என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். "மடங்குதுக்கா" என்று அவள் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

உடனே போய்க் காட்டினோம். தையல் நிற்கிறது.

வேலை செய்யும்போது போன் இனி இடப்பக்கம், கீழே மெத்தை. சூடான எதுவும் மேசையில் கிடையாது. தவறி விழும் பொருளை விழவிட வேண்டும் என்று கைக்குக் கற்றுக்கொடுப்பதுதான் இத்தனை நாளில் எனக்குக் கடினமான பாடம்.

ஏப்ரல் 2

மாலையில் மொழிபெயர்ப்பு வகுப்பு தொடங்கினேன். மூன்று பேர், வீடியோ வழியாக. ஒரு பத்தியை மூவரும் மொழிபெயர்த்து வருவார்கள், நான் வாக்கியம் வாக்கியமாகப் பேசுவேன். கை வேண்டியதில்லை. நேற்று ஒரு பெண் 'கொண்டிருக்கிறது' என்ற சொல்லை ஏன் ஐந்து இடத்தில் நீக்கினீர்கள் என்று கேட்டாள். அரை மணி நேரம் அதிலேயே போனது. அந்த அரை மணி நேரமும் எனக்குக் கை ஞாபகமே இல்லை.

இடது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்திருக்கிறது. இரண்டு கை வேலையையும் அதன் தலையில் கட்டியது என் தவறு. சிகிச்சையாளர் கண்டித்தார். தட்டச்சு இனி நாளுக்கு இருபது நிமிடம்.

ஏப்ரல் 13

ஆறு வாரம். பகலில் ஸ்ப்ளின்ட் இல்லை. விரல் முழுதாக மடங்கவில்லை, உள்ளங்கைக்கு ஒரு விரற்கடை இடைவெளி இருக்கிறது. பஞ்சு, பருத்தித்துணி, சொரசொரப்பான துணி என்று மாற்றி மாற்றித் தேய்த்து உணர்வைப் பழக்குகிறேன். இன்று நானே தலைமுடியைக் கட்டிக்கொண்டேன். தங்கை கைதட்டினாள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஏப்ரல் 28

கணக்குப் பார்த்தேன். மார்ச் வருமானம் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஏப்ரலில் பாதியைத் தாண்டியது. அதில் சரிபார்ப்பும் வகுப்பும்தான் பெரும்பங்கு. சேமிப்பு கரைந்திருக்கிறது, கடன் வாங்கவில்லை.

நேற்றிலிருந்து மெத்தென்ற களிமண்ணைப் பிசையச் சொல்லியிருக்கிறார்கள். கை சீக்கிரம் களைக்கிறது.

மே 25

பன்னிரண்டு வாரம் முடிந்தது. பொறுத்திருந்தவரின் வேலையை இரு கையாலும் தொடங்கிவிட்டேன். முதல் வரைவு மட்டும் இன்னும் வாயால்தான், அது இனி மாறாது. வகுப்பில் இப்போது ஐந்து பேர்.

இடைவெளி அரை விரற்கடையாகக் குறைந்திருக்கிறது. குளிர்ந்த நேரத்தில் விரல் விறைக்கிறது. நுனி இன்னும் மரத்தே இருக்கிறது. காலையில் தட்டிப் பார்த்தேன். கடைசி மூட்டைத் தாண்டிக் கூசியது. பழைய புள்ளியை அழித்துவிட்டு அங்கே புதுப்புள்ளி வைத்தேன்.