உர்சோ குளிசையும் கிட்னிப் பயமும்

வவுனியாப் பக்கம் மருந்து கொடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி நன்றாகப் பழகியிருக்கும்: “பிள்ளை, இது கிட்னிக்கு ஒன்றும் செய்யாதோ?” கேட்காமல் என்ன செய்வார்கள்? 1990களில் பதவியா, மதவாச்சிப் பக்கம் தெரியவந்து, இன்னமும் காரணம் சரியாகப் பிடிபடாத அந்தச் சிறுநீரக நோய் எங்கள் மாவட்டத்திலும் இருக்கிறது. சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை, வயலும் வீடுமாக இருந்த மனிதர் திடீரென்று டயலிசிஸுக்கு வந்து படுக்கிறார். அதை அயலில் கண்டவரிடம் “பயப்படாமல் போடுங்கோ” என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

உர்சோடியொக்சிகோலிக் அசிட், அதாவது உர்சோ, எங்கள் உடம்பின் பித்தத்திலும் சிறிதளவு இருக்கிற அமிலம்தான். ஈரலுக்குள் இருக்கும் சிறு பித்தக் குழாய்கள் மெல்ல மெல்ல அழியும் நோய்க்கு, உடல் எடையில் கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் வீதம் நாளாந்தம், வருடக்கணக்கில் போடவேண்டும். அது குடலிலிருந்து ஈரலுக்குப் போய், பித்தத்தோடு திரும்பக் குடலுக்கே வந்து, பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். சிறுநீரில் போவது மிகச் சொற்பம். கிட்னியை நேரடியாகத் தாக்கும் மருந்து என்று இதற்குப் பெயர் இல்லை.

ஆனால் இது சிலருக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கும். கிட்னிக்கு ஆபத்து அந்த வழியால் வரலாம். செட்டிகுளம் பக்கத்து அம்மா ஒருவர், உர்சோ தொடங்கியபின் இளக்கமாகப் போவதை யாரிடமும் சொல்லாமல், ஆவணி வெயிலில் வயலுக்கும் போய்க்கொண்டிருந்தார். பிரஷருக்கு லொசாட்டன். முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கிய டைக்ளோபெனாக். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்த இரண்டும் சேர்ந்தால் கிட்னிக்குள் இரத்த ஓட்டம் குறைந்துபோகும். கிட்னி வேலை குறைந்தால் இரத்தத்தில் கூடும் கழிவான கிரியேட்டினின் ஏறியது தெரிந்ததும் மகள் உர்சோவைத்தான் நிறுத்தினார். அது விளங்கக்கூடிய முடிவுதான், ஆனால் ஈரலுக்கு அந்த அம்மாவிடம் இருந்த மருந்து அது ஒன்றுதான். வைத்தியர் டைக்ளோபெனாக்கை அடியோடு வெட்டி, லொசாட்டனைக் கொஞ்சநாள் நிறுத்தி, சேலைன் ஏற்றினார். கிரியேட்டினின் இறங்கியபிறகு உர்சோவைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார், பழுதில்லாமல் போகிறது.

இன்னொன்றும் உண்டு. செங்கண்மாரி கடுமையானால் பித்தமே கிட்னியின் நுண்குழாய்களில் படிந்து அடைக்கும். அந்த நேரத்தில் பழைய முறையில் கிரியேட்டினின் பார்த்தால், இரத்தத்தில் கூடியிருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளால் கிரியேட்டினின் உண்மையைவிடக் குறைவாகவும் காட்டலாம். அதனால் ஒரு ரிப்போட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மருந்தைக் குற்றஞ்சாட்டவும் கூடாது, நிம்மதியடையவும் கூடாது.

பித்தம் என்றாலே கிட்னிக்குக் கூடாது என்று சனம் சொல்வதும் வெறும் கதையில்லை. கெண்டை மீனின் பித்தப்பையை மருந்தென்று பச்சையாக விழுங்கி, கிட்னி செயலிழந்தவர்கள் ஆசிய நாடுகள் பலவற்றில் இருக்கிறார்கள். அந்த நஞ்சு வேறு, இந்தக் குளிசை வேறு, அதையும் பொறுமையாக விளங்கப்படுத்தத்தான் வேண்டும்.

இப்போது உர்சோ கொடுக்கும்போது வயிறு எப்படிப் போகிறது, நோவுக்கு என்ன போடுகிறீர்கள் என்று கட்டாயம் கேட்கிறேன். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (உப்பு, சீனி கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்துக் குடித்துக்கொண்டு, கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் உடனே வரச்சொல்லி, கொப்பியிலும் எழுதிவிடுகிறேன்.