பூண்டு உதிர்க்கக் கொடுங்கள்

மறதி நோய் உள்ளவர்களைப் பகலில் பண்ணையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு நெதர்லாந்தில் பரவலாக உண்டு. கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் நம் தோட்டமே அதற்குப் போதும்.

விதைப்பூண்டைப் பல் பல்லாக உதிர்ப்பது ரொம்பப் பொருத்தமான வேலை. மடியில் சுளகு, அதில் நாலைந்து பூண்டு மட்டும். மூட்டையையே முன்னால் வைத்தால் மிரண்டு எழுந்துவிடுவார்கள். "உதிர்த்து, தோலை ஊதி, கூடையில போடுங்க" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். ஒன்றை நீங்கள் உதிர்த்துக் காட்டுங்கள். பழகிய கை தானாகத் தொடரும். பூண்டுப் பல் உடைந்தால் குழம்புக்கு ஆச்சு, திருத்த வேண்டாம். மருந்து கலந்த விதையை மட்டும் கிட்டேயே கொண்டுவராதீர்கள், வாயில் போட்டுவிடலாம்.

தரையில் கறுப்புத் தார்ப்பாய் வேண்டாம், குழி என்று பயந்து நின்றுவிடுவார்கள். மூணு மணிக்கே உள்ளே அழைத்து வாருங்கள். மூடுபனி இறங்கி வெளிச்சம் மங்கும்போதுதான் "வீட்டுக்குப் போகணும்" என்ற தவிப்பு கூடும்.