கெடிலத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு பொங்கல்

கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்குப் போக கெடிலம் ஆற்றைத் தாண்ட வேண்டும். லாரன்ஸ் ரோட்டில் வேலை கிடைத்து 12 வருடம் ஆகிறது. தினம் இரண்டு தடவை அண்ணா பாலத்தில் போய் வருகிறேன். காலையில் முன்னால் போகிற பஸ்ஸைப் பார்ப்பேன், சாயங்காலம் மணியைப் பார்ப்பேன். கீழே ஆறு என்று ஒன்று இருப்பது வெள்ளம் வரும்போதுதான் நினைவுக்கு வரும்.

லீவு வந்தால் எங்களுக்குப் பாண்டிதான். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதே பதில் வரும். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கடற்கரைச் சாலையில் நடக்கலாம், நல்ல காபி குடிக்கலாம், ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த மாட்டுப் பொங்கலன்றும் அப்படித்தான் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பாண்டி பஸ் வந்து நிற்பதற்கு முன்பே படியில் ஆள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று பஸ் போன பிறகு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தத் தாலுகாவில் அவர் சங்கிலி போடாத வரப்பு குறைவு.

"பஸ்ஸு கெடைக்கலயாம்மா? சரி, வண்டிய எடு. திருவந்திபுரம் போவலாம். அங்கேர்ந்து ஆத்தப் புடிச்சிக்கிட்டே கடல் வரைக்கும் வரலாம்."

அன்றைக்கு ஆரம்பித்தது, தை 5 வரை நான்கு நாள் நீண்டது.

தேவநாதப் பெருமாள் கோயில் இருக்கும் திருவந்திபுரம் எங்கள் வீட்டிலிருந்து 5, 6 கிலோமீட்டர்தான். சின்ன வயதிலிருந்து கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். முகூர்த்த நாளில் அங்கே ஒரு காலையில் எத்தனை ஜோடி மாலை மாற்றுகிறார்கள் என்று எண்ணி முடியாது. ஒரு கல்யாணத்து மேளம் அடங்குவதற்குள் பக்கத்துக் கல்யாணத்தில் கெட்டிமேளம் கேட்கும். போகும்போதெல்லாம் அட்சதை போட்டோமா, சாப்பிட்டோமா என்று திரும்பிவிடுவதால், எதிரில் இருக்கும் மலையில் இதுவரை ஏறியதே இல்லை. மலை என்று சொன்னாலும் 74 படிதான். மேலே ஹயக்ரீவர். பரீட்சை வருகிறதென்றால் கடலூர்ப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வருவார்கள். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் பல வருடம் வாழ்ந்த ஊர் இது. அவர் தன் கையால் கட்டியதாகச் சொல்லும் கிணறும் இருக்கிறது.

படியேறி நின்றபோதுதான் முதல் தடவையாகக் கெடிலத்தை ஆறாகப் பார்த்தேன். கோயிலை ஒட்டி வளைந்து, கொஞ்ச தூரம் வடக்குப் பார்த்து ஓடுகிறது. மழைக்காலம் முடிந்த புதிது என்பதால் தண்ணீர் இருந்தது. கரையில் தென்னை, அதற்கு அப்பால் கரும்பு. பெருமாளுக்குத் தாகம் எடுத்தபோது கருடன் கொண்டுவந்த தண்ணீர் என்பதால் கருட நதி, அதுதான் கெடிலம் ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். ஆதிசேஷன் கொண்டுவந்தது கோயிலுக்குள்ளே இருக்கும் சேஷ தீர்த்தம். அதில் உப்பும் மிளகும் வெல்லமும் போடுவது வேண்டுதல். கடையில் பொட்டலம் வாங்கினேன். காகிதத்தைப் பிரித்தால் கல்லுப்பும் மிளகும் கலந்து, நடுவில் ஒரு துண்டு வெல்லம், ஓரத்தில் லேசாக இளகி உப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதப் போவதில்லை.

திரும்பும்போது அப்பா கேப்பர் மலை வழியாக விடச் சொன்னார். செம்மண் மேடு, முந்திரி மரங்கள், மத்திய சிறையின் நீளமான மதில். புதுச்சேரியில் பத்து வருடம் இருந்த பாரதியார் 1918 நவம்பர் 20 அன்று பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைது செய்து கடலூர் சிறையில்தான் அடைத்தார்கள். டிசம்பர் 14 அன்று வெளியே வந்தார். இது பள்ளியில் படித்ததுதான். ஆனால் அந்த மேட்டிலிருந்து கிழக்கே பார்த்தால் ஊர் முழுக்க மரங்களுக்குள் அமிழ்ந்து, அதற்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரிகிறது. கடற்கரை ஊரிலிருந்து வந்த மனிதருக்கு அந்த மூன்று வாரமும் கடல் காற்றாவது கிடைத்திருக்குமா என்று நினைத்தபோது மனசு கனத்துப் போனது.

மறுநாள் காணும் பொங்கல். காலையில் கரையேறவிட்டகுப்பம். பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், கதை முழுக்க அதிலேயே இருக்கிறது. பல்லவ மன்னன் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைக் கரையேற விட்ட இடம். கரையேறியவர் நேராகத் திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலுக்குப் போய் பாடலீஸ்வரரைப் பாடினார். சித்திரையில் அதையே திருவிழாவாக நடத்துவார்கள். இந்தப் பக்கம் கல்லூரிக்கு சைக்கிளில் போன காலத்தில், பெயர்ப் பலகையில் இடம் போதாமல் எழுத்தை நெருக்கி எழுதியிருப்பதைப் பார்த்ததுதான் எனக்கு நினைவு.

"இங்க ஏதுப்பா கரை? ஆறு அந்தப் பக்கம் இல்ல இருக்கு?" என்று கேட்டேன்.

அப்பா வண்டியை விட்டு இறங்கி, செருப்பால் மண்ணைக் கொஞ்சம் தள்ளிக் காட்டினார். மேலே கருப்பாக இருந்த மண்ணுக்குக் கீழே வெளுத்த மணல். "பெரியவங்க சொல்லுவாங்க, கெடிலம் அந்தக் காலத்துல கோயிலுக்குத் தெக்கால ஓடிச்சின்னு. அப்புறம் வடக்க தள்ளிப் போயிடிச்சாம். இந்தப் பக்கம் அளக்கப் போனா எங்க தோண்டினாலும் மணலுதான் வரும்." குனிந்து ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். சன்னமான ஆற்று மணல், நடுவில் உடைந்த கிளிஞ்சல் ஒன்று. அந்தக் கிளிஞ்சல் எப்போது வந்தது, யார் வீட்டுக் கோலத்துச் சுண்ணாம்புக்கு வந்தது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஆனாலும் அதைப் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

பாடலீஸ்வரர் கோயிலில் தல மரம் பாதிரி. ஊர்ப் பெயரிலேயே அந்த மரம் இருக்கிறது. அம்மன் பெரியநாயகி. சன்னதியில் கூட்டம் இல்லை. பிரகாரத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, அப்பாவுக்கு முட்டி வலி என்பதால் மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டோம். கல் தூண் சில்லென்று இருந்தது. வெளியே லாரன்ஸ் ரோட்டுச் சத்தம் உள்ளே வரவே இல்லை. என் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இந்தக் கோயில் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் வந்து உட்கார்ந்திருக்கலாம். இனிமேல் வருவேன்.

சாயங்காலம் தேவனாம்பட்டினம். காணும் பொங்கலுக்கு சில்வர் பீச்சுக்கு சுற்று வட்டாரக் கிராமமே திரண்டு வரும். டிராக்டரில் வருவார்கள், மினி வேனில் வருவார்கள், கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் போவதற்கு முன்னால் அப்பா கோட்டைப் பக்கம் கூட்டிப் போனார்.

செயின்ட் டேவிட் கோட்டையில் பார்ப்பதற்கு இன்று அதிகம் இல்லை. செங்கல் சுவர்த் துண்டுகள், மேடு பள்ளம், செடி கொடி. ஆனால் 1690-ல் ஆங்கிலேயர்கள் மராத்தியரிடமிருந்து இதை வாங்கியபோது போட்ட ஒப்பந்தம் சர்வேயர் மகளான எனக்கு மறக்கவே மறக்காது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும், குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை நிலம் அவர்களுக்கு. அப்படிக் கைமாறிய ஊர்களுக்கு குண்டு கிராமங்கள் என்று பெயர். அப்பா இதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் உயர்கிறது. "நாங்க ஒரு சென்ட்டுக்கு மூணு நாள் வெயில்ல நின்னு சங்கிலி புடிச்சோம். அவன் ஒரே குண்டுல அளந்துட்டான்." நிலத்தில் உழுதுகொண்டிருந்தவனை யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவருடைய ஆதங்கம். என்னுடையதும் அதுதான்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்ட பிறகு சில வருடம் இந்தக் கோட்டைதான் தென்னாட்டில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம். கிளைவ் இங்கே கவர்னராக இருந்தார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து பிடித்து இடித்துப் போட்டார். அதன் பிறகு பழையபடி எழும்பவில்லை. பாண்டியில் தெருத் தெருவாகப் பெயர்ப் பலகை வைத்துப் பழசைக் காட்டுகிறார்கள். இங்கே அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு நல்ல பலகையும், உட்கார நிழலும் இருந்தால் எத்தனை பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள்!

கடற்கரையில் இருட்டும் வரை இருந்தோம். மிளகாய் பஜ்ஜி, சுண்டல், ராட்டினம், பலூன் சுடுகிற துப்பாக்கி. அலையில் நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டே ஒரு பாட்டி பேத்திகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி முதலிலிருந்து. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் யாரும் அந்த எண்ணிக்கையைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். எங்கள் வகுப்பில் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள். பொங்கல் கழித்துப் பள்ளி திறந்தபோது ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை முதுநகர். ஓ.டி., அதாவது ஓல்டு டவுன், என்று சொன்னால்தான் ஊரில் யாருக்கும் புரியும். சுதந்திரப் போராட்ட வீரர் அஞ்சலை அம்மாள் பிறந்த ஊர். கெடிலமும் உப்பனாறும் கடலில் கலக்கும் பக்கத்தில் துறைமுகம். வாழ்நாள் முழுக்க மீன் சாப்பிட்டிருக்கிறேன், மீன் இறங்குகிற இடத்துக்கு வந்ததில்லை.

ஐந்தரைக்கே ஏலம் களைகட்டியிருந்தது. ஏலம் விடுவது, எடுப்பது, கூடை சுமப்பது, காசு எண்ணுவது என்று எங்கே திரும்பினாலும் பெண்கள். தொகையை யாரும் முழுசாகச் சொல்வதில்லை, முகத்தை அசைத்தாலே விலை ஏறுகிறது. ஐஸ் பொடிக்கிற இயந்திரத்தின் சத்தத்தில் எனக்கு எதுவும் காதில் விழவில்லை, அவர்களுக்கு மட்டும் எல்லாம் விழுகிறது. கூடைகளில் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி. ஓரத்தில் தனியாக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு வஞ்சிரம். நாங்கள் சங்கரா ஒரு கூறு வாங்கினோம்.

அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கொடுத்தோம். முதலில் செதிலை வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சீவினார். ரோஜா நிறச் செதில்கள் அவர் முழங்கை வரை தெறித்து ஒட்டின. துடுப்பு, செவுள், குடல். ஒவ்வொரு மீனுக்கும் வயிற்றில் ஒரே கீறல்தான், இரண்டாவது வெட்டு இல்லை. "தலைய தனியா போட்டுக் குடுக்கவா கண்ணு, கொழம்புக்கு?" என்று கேட்டார். கையை ஓட்டிக்கொண்டே பேசினார், பார்வை மட்டும் என் மேல் இருந்தது. சித்திரை முதல் வாரத்திலிருந்து 61 நாள் தடைக்காலம் வந்தால் என்னம்மா செய்வீர்கள் என்று கேட்டேன். "கருவாடு விப்பேன். கடலுக்கும் லீவு வேணும்ல்ல?" என்றார். அன்றைய குழம்பு மறுநாள் காலை இட்லிக்கும் வந்தது.

தை 5 ஆற்றுத் திருவிழா. இது கெடிலம் இல்லை, தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும் ஆறு எங்கள் ஊருக்கு வடக்கே கடலில் சேர்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்குப் பொங்கல் இந்த நாளில்தான் முடியும். சுற்றுப்பட்டுக் கோயில் சாமிகள் எல்லாம் ஜோடித்த வண்டியில் ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி கண்டு, மணலில் வரிசையாக நிற்கும். ஒரே நேரத்தில் பெருமாளையும் அங்காளம்மனையும் பிள்ளையாரையும் நடந்து நடந்து கும்பிடலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு சாத்தனூரிலிருந்து வந்த வெள்ளம் இதே கரையோரத்து வீடுகளுக்குள் புகுந்தது. அதே தண்ணீர் இன்று கணுக்காலுக்கு வந்து, குழந்தைகள் அதில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள்.

இந்தத் திருவிழாவில் வாங்க வேண்டியது சுருளிக் கிழங்கு. இந்தச் சமயத்தில் விட்டால் பிறகு கண்ணில் படாது. மண் அப்பியபடி சாக்கில் குவித்து வைத்திருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் தோலை உரித்து வாயில் போட்டால் மாவாகக் கரையும்.

இருட்டத் தொடங்கிய நேரம். சாமி வண்டிகளில் சீரியல் பல்பு எரிய ஆரம்பித்துவிட்டது. அப்பா ஒரு கிழங்குக் குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"எந்த ஊரும்மா கெழங்கு?"

விற்ற பெண் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"ஏரிக்குக் கெழக்காலயா, மேக்காலயா?"

"கெழக்காலதாங்கய்யா. எங்க மாமனாரு நெலம். ஏன், தெரியுமா?"

"புளிய மரம் இன்னும் இருக்கா?"

அந்தப் பெண் தராசைக் கீழே வைத்தார். "தானே புயல்ல சாஞ்சிடுச்சுங்கய்யா. நீங்க எப்பிடி..."

"அந்த மரத்துலேர்ந்துதாம்மா உங்க நெலத்த அளந்தேன்."

எடை போட்டு முடித்த பையில் இரண்டு கையாலும் அள்ளி இன்னொரு கூறு போட்டார். காசு நீட்டியபோது அதற்கு மட்டும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "எங்க மாமனார்கிட்ட சொல்றேன், சர்வேயர் ஐயாவப் பாத்தேன்னு."