கொப்பியில் இரண்டு, குளத்தில் ஒன்று

நேற்று அலுமாரியை ஒதுக்கும்போது கம்பஸ் காலத்துப் பிரக்டிக்கல் கொப்பி அகப்பட்டது. கறையான் தின்றது போக, வவுனியாவில் எங்கள் ஊர்க் குளத்துத் தண்ணீரை நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைந்த பக்கம் தப்பியிருந்தது. இரண்டு படங்கள். ஒன்று மெல்லிய இழை, நுனியில் கண்ணீர்த்துளி மாதிரி ஒரு கலம். கீழே 'சிலின்ட்ரோஸ்பெர்மொப்சிஸ்' என்று எழுதியிருக்கிறேன். மற்றதும் அதே மாதிரி இழைதான், ஆனால் துளி இல்லை, நுனி ஊசிக்கூர். அது 'ராபிடியொப்சிஸ்'. துளி இருக்கிறதா இல்லையா என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

ஊரில் இதைப் பாசி என்போம். பாசி இல்லை, சயனோபற்றீரியா: பாசி மாதிரி வெயிலில் உணவு செய்யும் பற்றீரியா.

அந்தத் துளிக் கலத்தின் வேலை நைதரசன் வாயுவைப் பிடித்து உணவாக்குவது. தண்ணீரிலேயே அந்தச் சத்துத் தாராளமாகக் கிடைத்தால் இழை ஏன் மினக்கெட்டு அதை உண்டாக்கப் போகிறது? எங்கள் குளத்துக்கு மேலேயும் வயல்தான். யூரியா எறிந்த தண்ணீர் வடிந்து வருவது இங்கேதான். நான் இரண்டு சாதியாகப் பிரித்தது ஒன்றேதானோ, பசித்த நாளிலும் பசிக்காத நாளிலும்?

மரபணுவை வாசித்தவர்கள் இதைத் தீர்த்துவிட்டார்கள். பற்றீரியாக்களை அடையாளம் காண வாசிக்கும் 16எஸ் ஆர்என்ஏ மரபணு ஏறத்தாழ 1,500 எழுத்து நீளம். அப்படியான பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த இரண்டு சாதி இழைகளும் ஒரே கொத்தில் கலந்து கிடந்தன. 2018இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை: ராபிடியொப்சிஸ் 1929, மற்றது 1972. நாக்குப் புரளாத அந்த நீளப் பெயரைப் பாடமாக்க நான் பட்ட பாடு போச்சு!

முழுக்கப் போகவும் இல்லை. இந்த இழை உண்டாக்கும் நஞ்சு ஒன்றுக்கு இன்னும் சிலின்ட்ரோஸ்பெர்மொப்சின் என்றுதான் பெயர். 1979இல் அவுஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணையில் பாசியைக் கொல்லச் செப்புச் சல்பேற்றுப் போட்ட சில நாளில் 148 பேர் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். கலம் உடைந்தால் உள்ளே இருந்த நஞ்செல்லாம் தண்ணீருக்குள் வந்துவிடும். (செப்புச் சல்பேற்றுக்குத் தமிழில் துருசு என்றும் பெயர். வன்னியில் துருசு என்றால் குளத்தில் தண்ணீர் திறக்கும் கதவு. குளத்துக்குத் துருசு போடச் சொன்னால் யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.)

சரி, கொப்பிக்கு வருவோம். நீளப் பெயரைப் பென்சிலால் வெட்டிவிட்டேன். பக்கத்தில் சிவப்புப் பேனாவில் இரண்டு சரி, படத்துக்கு ஐந்து புள்ளிப்படி பத்து. ஐந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ?