கூண்டு ஏற்றாத காற்று

தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருவராவது நின்று ஏதாவது கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். இந்தத் தடவை சித்தி மகள் கல்யாணத்துக்காக மே மாதம் நான் மட்டும் வந்திருக்கிறேன், பையனுக்குப் பள்ளி இன்னும் முடியாததால் அவனும் அவன் அப்பாவும் அமெரிக்காவில் ஓக்லஹோமாவிலேயே இருக்கிறார்கள். முன்பெல்லாம் அங்கே குளிரா, அரிசி கிடைக்கிறதா என்றுதான் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு வீடியோ அனுப்பியதிலிருந்து எல்லாருக்கும் ஒரே கேள்வி. காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் ஆயா, கூடையை இறக்கி வைத்த கையோடு ஆரம்பித்துவிட்டது: "இன்னாம்மா, உங்க ஊர்ல காத்து வூட்டையே தூக்கினு போய்டுமாமே?"

தூக்கும்தான், ஆனால் எல்லா வீட்டையும் இல்லை ஆயா என்றேன். மேற்கொண்டு விளக்கப் போனால் பெயரிலேயே சிக்கல். வங்கக்கடலில் வருவதற்கும் சூறாவளி என்கிறார்கள், அங்கே வரும் டொர்னாடோவுக்கும் சூறாவளி என்கிறார்கள். அதனால் வேறு வழியாகப் போனேன். வெயில் காலத்தில் மைதானத்தில் குப்பையையும் மண்ணையும் சுருட்டிக்கொண்டு எழும்புமே பேய்க்காற்று, பார்க்க அந்தச் சாயல்தான், ஆனால் பிறப்பு வேறு. பேய்க்காற்று சூடான தரையிலிருந்து கிளம்புவது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாவிட்டாலும் வரும். டொர்னாடோ பெரிய இடிமேகத்தின் அடியிலிருந்து தரைவரை நீளும் சுழல். மெக்சிகோ வளைகுடாவின் ஈரமான வெப்பக்காற்றும் மேற்கேயிருந்து வரும் வறண்ட காற்றும் அந்தச் சமவெளியில்தான் முட்டிக்கொள்கின்றன, உயரப் போகப் போகக் காற்றின் திசையும் வேகமும் மாறினால் மேகமே மொத்தமாகச் சுழல ஆரம்பிக்கும். அப்படிச் சுழலும் எல்லா மேகமும் டொர்னாடோ போடாது. எது போடும் என்பது ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

அளவைச் சொன்னால்தான் இங்கே யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்து நாள்கணக்கில் கடலில் கிடந்து வரும். டொர்னாடோவில் பெரும்பாலானவை பத்து நிமிடம்கூட நிலைப்பதில்லை, அகலம் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரை. டி.எச். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடுகள் தரைமட்டமாகி, அந்தப் பக்கம் மாடியில் காயப்போட்ட வடகம் அப்படியே கிடக்கலாம். விதிவிலக்கும் உண்டு. 2013 மே 31 அன்று எல் ரீனோ என்ற ஊர்ப்பக்கம் வந்ததுதான் இதுவரை பதிவானதில் அகலமானது, 4.2 கிலோமீட்டர். ராயபுரத்தில் ஒரு ஓரம் என்றால் மறு ஓரம் தண்டையார்பேட்டையைத் தாண்டிவிடும்.

"சரி, உங்க ஊர்ல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்துவாங்க?" இது பெரியப்பா. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவருக்கு எந்தக் காற்றாக இருந்தாலும் ஒரு கூண்டு நம்பர் வேண்டும். கூண்டு ஏற்ற நேரம் இருக்காது பெரியப்பா என்றால் அது எப்படி என்கிறார். அவர் கேட்பதும் நியாயம். 2016 டிசம்பர் 12, வர்தா வந்தபோது நான் இதே வீட்டில்தான் இருந்தேன். முந்தின நாளே மெழுகுவத்தி, பால், பிரெட், குடம் குடமாகத் தண்ணீர் எல்லாம் தயார், காசிமேட்டில் படகுகளை இழுத்துக் கட்டியாகிவிட்டது. நடுவில் புயலின் கண் வந்து காற்று நின்றபோது தெருவே வெளியில் வந்து விழுந்த மரங்களை எண்ணியது. அப்புறம் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கத் தொடங்கியதும் உள்ளே ஓடினோம். புயலோ வெள்ளமோ எங்கள் பக்கத்தில் பழக்கம் ஒன்றுதான்: ஃபிரிட்ஜை செங்கல் மேல் தூக்கி வை, அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்று, கடைசியில் நீயும் ஏறு. டொர்னாடோவுக்கோ கீழே இறங்கித்தான் ஒளிய வேண்டும், இந்தப் பழக்கத்தோடு அங்கே போய் இறங்கினால் எப்படி இருக்கும்? நாங்கள் அங்கே முதலில் எடுத்தது இரண்டாம் மாடி ஃபிளாட், "நல்லா காத்து வரும்" என்று ஆசைப்பட்டு எடுத்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

குடிபோய் முதல் சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி, ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. சங்கு என்றால் சாதாரணச் சங்கு இல்லை, எலும்புக்குள் இறங்குகிற மாதிரி ஏறி இறங்கும் ஓலம். அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாத்டப்பில் போய்ப் படுத்துக்கொண்டேன். கால்மணி நேரம். வெளியே வெயில் பளீரென்று அடிக்கிறது, ஒரு ஆள் புல் வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறான். அந்தப் பக்கத்து ஊர்களில் வாராவாரம் சனிக்கிழமை மதியம் வானம் தெளிவாக இருந்தால் சங்கை ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்லவில்லை: அந்தச் சங்கு வெளியில் இருப்பவர்களை உள்ளே அனுப்பத்தான், வீட்டுக்குள் தூங்குகிறவர்களை எழுப்ப அல்ல. ராத்திரி வரும் டொர்னாடோவில் சாவு அதிகம் என்பதால், ஃபோனில் எச்சரிக்கை ஒலியை அணைக்காமல் வைத்துக்கொள்வதும், பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பதும் அங்கே வழக்கம்.

வாட்ச், வார்னிங் என்று இரண்டு வார்த்தைகள். இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு சீசன் ஆனது, ஆனால் வடசென்னைக்காரிக்கு இது கஷ்டமே இல்லை. டொர்னாடோ வாட்ச் என்றால் இன்றைக்கு லாரித் தண்ணீர் வரும் நாள் என்று தெரிவது மாதிரி. குடத்தைக் கழுவி வாசலில் வை, தூரமாக எங்கேயும் போகாதே, காதைத் தீட்டிக்கொண்டு இரு. நார்மன் நகரில் இருக்கும் புயல் கணிப்பு மையம் பல மாவட்டங்களுக்குச் சேர்த்து, சில மணி நேரத்துக்கு இதை அறிவிக்கும். வார்னிங் என்றால் லாரி உன் தெருமுனையில் திரும்பிவிட்டது. ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். உள்ளூர் வானிலை அலுவலகம் கொடுப்பது இது. அதன்பின் கையில் இருப்பது பல நேரம் பத்து நிமிடம் போல, சில நேரம் அதுவும் இல்லை.

முதல் நிஜ வார்னிங் வந்த சாயங்காலம் நான் என்ன செய்தேன் தெரியுமா, பால்கனிக்குப் போய் வேடிக்கை பார்த்தேன். ரத்தத்தில் ஊறிய மொட்டைமாடிப் புத்தி. வீட்டுக்காரர் ஃபோனில் படம் பிடிக்கிறார். வானம் பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. (பச்சை வானம் என்றால் டொர்னாடோ நிச்சயம் என்பது சும்மா, பெரிய மழைமேகத்தில் அந்த நிறம் வரும், ஆலங்கட்டி விழலாம், அவ்வளவுதான்.) கீழ்வீட்டு அம்மாள் எழுபது வயதிருக்கும், படியேறி வந்து கதவை உடைக்கிற மாதிரித் தட்டி, மூன்று பேரையும் கீழே தள்ளிக்கொண்டு போனார். அவர் வீட்டு நடுவில் ஜன்னலே இல்லாத ஒரு துணி அலமாரி அறை. குழந்தை தலையில் சைக்கிள் ஹெல்மெட், எங்கள் மேல் மெத்தை, அப்புறம் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு ஒரு ஜோடி ஷூவைத் தூக்கிப் போட்டார். வீட்டுக்குள் ஷூவா என்று நான் விழிக்க, "பிழைத்துவிட்டால் வெளியே வரும்போது உடைந்த கண்ணாடி மேலும் ஆணி மேலும்தான் நடக்கணும்" என்றார். 1999 மே 3 அன்று அப்படி நடந்து வந்தவர் அவர். எங்கள் ஊர் மூர், அங்கே டொர்னாடோவுக்குப் பேர் வைப்பதில்லை, தேதிதான் பேர். மே மூன்று என்றால் அது. மே இருபது என்றால் 2013, 24 பேர் இறந்தார்கள், அதில் 7 பேர் ஒரே ஆரம்பப்பள்ளியில் இருந்த பிள்ளைகள். பையனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது நான் கேட்ட முதல் கேள்வி, டொர்னாடோ வந்தால் ஒதுங்க ஷெல்டர் இருக்கிறதா என்பதுதான்.

அன்று எங்கள் பக்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் மறுநாளே அபார்ட்மெண்ட் ஆபீஸில் போய் மாடிவீட்டுக்காரர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். பாத்ரூமில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த வருடமே தனி வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டோம்.

பெரியப்பா விடுவதாக இல்லை. "மரத்துல வீடு கட்டினா பறக்காம என்ன பண்ணும், நம்மள மாதிரி கான்கிரீட் போட வேண்டியதுதானே?" பாதி சரிதான். மரச்சட்ட வீட்டில் கராஜ் கதவு முதலில் உள்வாங்கும், காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும், கூரை போனால் சுவர் நிற்காது. அதனால்தான் 2014-இல் மூர் நகரம் கராஜ் கதவு முதல் கூரை ஆணி வரை கட்டட விதியை இறுக்கியது. ஆனால் காற்று மட்டும் வருவதில்லையே, அது தூக்கி வந்த கட்டை, தகரம், கார் எல்லாம் கூடவே வரும். இஎஃப்5 என்ற உச்ச வகையில் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். நம் வீட்டு ஜன்னலும் சிமெண்ட் ஷீட்டும் அதற்கு எந்த மூலைக்கு? மரத்தில் கட்டுவது அங்கே மலிவு, ஒரு குறிப்பிட்ட வீட்டை டொர்னாடோ நேராகத் தாக்கும் வாய்ப்பும் குறைவு, ஆகவே வீட்டை விட்டுவிட்டு ஆளைக் காப்பாற்ற ஒரு பெட்டி வைக்கிறார்கள்.

அத்தை கேட்டது, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தால் காற்று இப்படி வந்து அப்படிப் போய்விடாதா என்று. அமெரிக்கர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள், அது தவறு. திறக்கப் போகும் நேரத்தில் கண்ணாடிதான் முகத்தில் அடிக்கும். சித்தி பையன் பைக் பைத்தியம், "வண்டிய எடுத்துட்டு பறந்துட வேண்டியதுதானேக்கா" என்றான். எல் ரீனோ அன்று நிறைய பேர் அப்படித்தான் கிளம்பி, நெடுஞ்சாலையில் எண்ணூர் ரோட்டு கன்டெய்னர் லாரி வரிசை மாதிரி மாட்டிக்கொண்டார்கள். மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவது இன்னும் மோசம், அங்கே காற்று குறுகி வேகம் கூடும், 1999-இல் அப்படி ஒதுங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். வழியில் ஏதாவது உறுதியான கட்டடம் தெரிந்தால் அதற்குள் ஓட வேண்டும். எதுவுமே இல்லாவிட்டால் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு தலையை ஜன்னலுக்குக் கீழே குனிந்து மூடிக்கொள், இல்லையென்றால் பள்ளத்தில் குப்புறப்படு. இரண்டுமே வேறு கதி இல்லாதபோது செய்வது.

எங்கள் வீட்டுப் பெட்டி கராஜ் தரைக்கு அடியில் இருக்கிறது. களிமண் பூமி, வீட்டுக்கடியில் நிலவறை அங்கே அபூர்வம், அதனால் தரையை வெட்டி இரும்புப் பெட்டியைப் புதைத்து மேலே நகரும் மூடி போட்டுவிடுகிறார்கள், கார் அதன்மேல்தான் நிற்கும். ஏழு படி. இறங்கியதும் எண்ணெயும் ஈர இரும்பும் கலந்த வாடை, அப்படியே காசிமேட்டு விசைப்படகு எஞ்சின் அறை. மூலையில் சிலந்தி. ஒரு பெஞ்ச், டார்ச், விசில், தண்ணீர், பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட், மேலே ஏதாவது விழுந்து மூடி மாட்டிக்கொண்டால் நெம்ப ஒரு ஜாக்கி, மாமியார் உபயத்தில் ஒரு முறுக்கு டப்பா. இந்த வீட்டில் ஷெல்டர் இருக்கிறது என்று நகராட்சியில் பதிந்து வைத்திருக்கிறோம், வீடு சரிந்தாலும் எங்கே தோண்டுவது என்று தெரிய வேண்டுமே.

நேற்று விடியற்காலை நாலரை மணி. கத்திரி வெயில் தாங்காமல் மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தேன், ஃபோனில் எங்கள் ஊர் வார்னிங் ஆப் அலறியது. அங்கே முந்தின நாள் மாலை ஆறு மணி, சரியாக அதற்கான நேரம். அடித்தால் எடுக்கவில்லை, மறுபடியும் எடுக்கவில்லை, மூன்றாவது தடவை பையன் எடுத்தான். "அம்மா, நாங்க பெட்டிக்குள்ள இருக்கோம், ஹெல்மெட் போட்டுட்டேன், ஷூவும் போட்டுட்டேன், அப்பா முறுக்கு..." அதோடு சிக்னல் போய்விட்டது.

அடுத்த இருபத்திரண்டு நிமிடம் நான் மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். காற்றே இல்லை, ஒரு இலை அசையவில்லை. அப்புறம் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வரி வந்தது: வார்னிங் முடிந்தது, நமக்கு ஆலங்கட்டி மட்டும்தான், கார் கூரை முழுக்க அம்மைத் தழும்பு. நான் பதில் அடிப்பதற்குள் தெருமுனையில் ஹாரன் சத்தம், கீழேயிருந்து அம்மா குரல்: "லாரி வந்துடுச்சிடி, மேல இன்னா பண்ற, குடத்த எடுத்துகினு கீழ எறங்கி வா!"